ஒழுங்கின்மையும் விஞ்ஞானத் தமிழும்: இரட்டைப் பெரோவ்ஸ்கைற்று ஒட்சைட்டுகள் பற்றி ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

1

திண்மப் பொருள்களின் பௌதிகத்தைக் கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் குறைபாடற்ற பளிங்கு ஒன்றிலிருந்தே தொடங்குகின்றன. அணுக்கள் தத்தமக்குரிய தானங்களில், முடிவின்றி நீளும் ஒரே கோலத்தில் நிற்கின்றன என்பது முதற் பாடம். அக்கோலத்திலிருந்து விலகுவன யாவும் 'குறைபாடுகள்' என்னும் தலைப்பின் கீழ், நூலின் கடைசி இயல்களுள் ஒன்றில் இடம்பெறும். கற்பித்தலின் வசதி கருதி இம்முறை பின்பற்றப்படுவதில் தவறில்லை. ஆயின் அவ்வசதி காலப்போக்கில் உலகைப் பற்றிய கருத்தாக மாறிவிடுவதுண்டு. ஒழுங்கே பொருளின் இயல்பு, ஒழுங்கின்மை அதற்கு நேர்ந்த கேடு என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தில் வேரூன்றிவிடும்போது, அது விமரிசனத்துக்கு உரியதாகின்றது.

இரட்டைப் பெரோவ்ஸ்கைற்று ஒட்சைட்டுகள் எனப்படும் சேர்வைகளின் காந்த இயல்புகளையும் இலத்திரனியல் இயல்புகளையும் பற்றிக் கடந்த கால் நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்றுவரும் ஆய்வுகள் இவ்வெண்ணத்தை மீளாய்வு செய்யவேண்டிய நிலையைத் தோற்றுவித்துள்ளன. அவற்றை ஈண்டு நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணங்கள் இரண்டு. இவ்வாய்வுகளைத் தமிழில் எடுத்துரைக்க முற்படும்போது எழும் சொல்லாக்கச் சிக்கல், ஆழ்ந்து நோக்கின், பொருளை எவ்வாறு காண்கிறோம் என்பது பற்றிய சிக்கலாகவே முடிகின்றது. இது முதலாவது காரணம். பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் 2005 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. கனிய வளத் தொழில்நுட்பம் அங்கு ஒரு பட்டப் பாடநெறியாக அமைந்துள்ளது. அந்நகரைச் சூழ்ந்துள்ள தோட்டங்களிலிருந்து வரும் தமிழ் மாணவருக்கு இத்தகைய துறைகள் இயல்பாகவே எட்டாதவை என்று இனியும் கூறிக்கொண்டிருத்தல் தகாது. எட்டவில்லையாயின், எது தடுக்கின்றது என்று கேட்டல் வேண்டும். இஃது இரண்டாவது காரணம்.

2

முதலிற் பொருளை விளக்குதல் முறை. 1839 இல் ஊரல் மலைப் பகுதியிலிருந்து பெறப்பட்ட ஒரு கனியத்தைக் குஸ்தாவ் ரோஸ் என்னும் ஜெர்மானியக் கனியவியலாளர் விவரித்து, லெவ் பெரோவ்ஸ்கி என்னும் உருசியப் பிரமுகரின் பெயரை அதற்கு இட்டார். அக்கனியம் கல்சியமும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. பின்னர் அதே அமைப்பையுடைய சேர்வைகள் யாவற்றுக்கும் அப்பெயர் பொதுப் பெயராயிற்று. இவ்வமைப்பில் சிறிய உலோக அயன் ஒவ்வொன்றையும் ஆறு ஒட்சிசன் அயன்கள் எண்முகி வடிவிற் சூழ்ந்து நிற்கும். எண்முகிகள் முனையோடு முனை பொருந்தி மூன்று திசைகளிலும் விரியும். அவற்றிடையேயுள்ள வெளிகளிற் பெரிய அயன்கள் அமரும்.

சிறிய அயனுக்குரிய தானங்களை ஒரே உலோகம் நிரப்பாது, இரண்டு உலோகங்கள் சமவளவிற் பங்கிட்டுக்கொள்ளுமாயின், அது இரட்டைப் பெரோவ்ஸ்கைற்று எனப்படும். சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டமும் வெள்ளைக் கட்டமும் மூன்று பரிமாணங்களிலும் மாறி மாறி வருவதாகக் கற்பனை செய்துகொண்டால், இரண்டு உலோகங்களும் நிற்கவேண்டிய முறை புலனாகும். ஆயின் அவை அவ்வாறு நிற்றல் கட்டாயமன்று. இரண்டு அயன்களின் ஏற்றமும் பருமனும் பெரிதும் வேறுபடுமிடத்து மாறிமாறி நிற்றல் உறுதிப்படும். மகனீசியம் இரண்டு அலகு நேரேற்றமும் தங்குதன் ஆறு அலகு நேரேற்றமும் கொண்டு சேரும் ஒட்சைட்டில் ஒழுங்கு ஏறத்தாழ முழுமையானது. இரும்பும் மொலிப்தனமும் சேரும்போது ஏற்றங்கள் மூன்று, ஐந்து என அணுகி வருகின்றன. பருமனும் ஏறத்தாழ ஒன்றே. எனவே இரும்பின் இடத்தில் மொலிப்தனமும், மொலிப்தனத்தின் இடத்தில் இரும்பும் அமர்வது எளிதாகின்றது. இங்கு ஒழுங்கின்மை என நாம் குறிப்பது முதன்மையாக இவ்விடமாற்றத்தையே.

இத்தகைய கருத்து ஆய்வுகூடத்துக்கு வெளியே எவருக்கும் தொடர்பற்றது என எண்ணவேண்டியதில்லை. பசறையிலோ அப்புத்தளையிலோ தேயிலைத் தோட்டமொன்றிற் கவ்வாத்து வெட்டிய மலைகளிற் தொழிலாளர் வெண்பொடி ஒன்றைத் தூவுவதைக் காணலாம். நைதரசன் உரங்களை ஆண்டுதோறும் இடுவதால் மண்ணின் அமிலத்தன்மை தேயிலைக்கு ஏற்ற அளவையும் கடந்து மிகுகின்றது. அதனைத் தணிக்கவும் மகனீசியத்தை ஊட்டவும் இடப்படும் அப்பொடியே டொலமைற்று. மத்திய மலைநாட்டின் உருமாறிய பாறைகளிடையே சலவைக்கற் படைகளிற் கிடைப்பது அது. அதன் பளிங்கில் கல்சியப் படையும் மகனீசியப் படையும், இடையிடையே காபனேற்றுப் படைகள் அமைய, மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. கல்சிய அயன் மகனீசிய அயனிலும் பெரிது. அப்பருமன் வேறுபாடே அவற்றை வெவ்வேறு படைகளில் நிறுத்துகின்றது. இப்படையொழுங்கு குலைந்த நிலையிலுள்ள டொலமைற்றும் உண்டு. ஒழுங்கும் குலைவும் எக்ஸ்-கதிர்க் கோணல் முறையால் அளக்கப்படுகின்றன. மாறிமாறி நிற்றல் நிலவுமிடத்துச் சில மேலதிகக் கோடுகள் தோன்றும், குலையுமிடத்து அவை மங்கும். இரும்பு–மொலிப்தன ஒட்சைட்டில் ஒழுங்கை அளப்பதும் இதே வழியால்தான். டொலமைற்று அயக்காந்தமன்று, ஆதலால் ஒப்புமை இவ்வளவோடு நிற்கும். எனினும் தாயொருத்தி கையால் தூவும் பொடியினுள்ளே 'எந்த அயன் எங்கே நிற்கின்றது' என்ற வினா உறைந்திருப்பதை அவள் பிள்ளைக்கு எடுத்துக்காட்டக்கூடிய பாடம் ஒன்று நம்மிடம் இல்லை என்பது மனங்கொளத்தக்கது.

3

1998 இல் யப்பானிய ஆய்வாளர் கொபயாஷி, தொக்குரா முதலியோர் ஸ்ரொன்சியம், இரும்பு, மொலிப்தனம் ஆகியவற்றாலான இரட்டைப் பெரோவ்ஸ்கைற்று அறைவெப்பநிலையிலேயே கணிசமான காந்தத் தடைமாற்றத்தைக் காட்டுவதாக அறிவித்தனர். காந்தப்புலத்தை இட்டவுடன் பொருளின் மின்தடை குறைவதையே இப்பெயர் சுட்டுகின்றது. தகவல்களைக் காந்த முறையிற் பதிந்து வாசிக்கும் கருவிகளுக்கு இவ்வியல்பு இன்றியமையாததாதலின், அவ்வறிவிப்பு உலகெங்கணும் ஆர்வத்தைத் தூண்டியது. இச்சேர்வையின் காந்த ஒழுங்கு 400 கெல்வினுக்கும் மேற்பட்ட வெப்பநிலை வரை நிலைப்பதும் அவ்வார்வத்துக்கு ஒரு காரணமாகும்.

இதன் உள்ளியக்கம் பின்வருமாறு. இரும்பு அயன்களின் காந்தத் திருப்புதிறன்கள் யாவும் ஒரு திசையை நோக்கும். மொலிப்தனத்தின் சிறு திருப்புதிறன் எதிர்த்திசையை நோக்கும். இரும்பின் ஐந்து அலகிலிருந்து மொலிப்தனத்தின் ஓர் அலகு கழிய, ஒரு சூத்திர அலகுக்கு நான்கு போர் மகனெற்றன் எஞ்சவேண்டும். மேலும், மின்னைக் கடத்தும் இலத்திரன்கள் யாவும் ஒரே சுழற்றிசை கொண்டனவாய் இருக்கும். அத்திசையினவற்றுக்குப் பொருள் உலோகமாகும், மறுதிசையினவற்றுக்கு அதுவே காவலியாகும். பொருள் நுண்மணிகளின் திரளாக அமையும்போது, அயல் மணிகளின் காந்தத் திசைகள் முரண்பட்டிருப்பின் இலத்திரன் எல்லையைக் கடத்தல் அரிது. சிறிய காந்தப்புலமொன்று மணிகளை ஒரு திசைப்படுத்தியதும் வழி திறக்கின்றது. தடை சடுதியாகக் குறைவது இதனாலேயே.

ஆயின் ஆய்வுகூடங்களிற் பெறப்பட்ட மாதிரிகள் பலவற்றில் நான்கு என்னும் எண் கிட்டவில்லை. இரும்பு அயன்களுள் நூற்றுக்குப் பத்து இடம் மாறி அமர்ந்தால், எளிய கணிப்பின்படி நான்கு என்பது 3.2 ஆகக் குறையும். மொலிப்தனத்தின் இடத்தில் அமர்ந்த இரும்பு, அயலிலுள்ள இரும்புகளுக்கு எதிர்த்திசையிற் தன் திருப்புதிறனை நிறுத்துவதே இதற்குக் காரணம். ஒழுங்கை மிகுவிக்க வெப்பநிலையை உயர்த்தினால் அயன்கள் அசைந்து தம்மிடம் சேரும். மிகவும் உயர்த்தினால் வெப்பக் கிளர்ச்சியே அவற்றைக் கலைத்துவிடும். ஆதலின் இடைப்பட்ட ஒரு வெப்பநிலையிலேயே ஒழுங்கு உச்சம் பெறுகின்றது. இவ்வாறு ஒழுங்கு என்பது பொருளோடு பிறந்த நிலையான பண்பாகவன்றி, சூளையின் வெப்பமும் காலமும் வாயுச் சூழலும் சேர்ந்து தரும் விளைவாக அறியப்பட்டது.

4

இக்கட்டத்தில் எழுந்த ஆய்வுகளை விமரிசன நோக்கிற் பார்த்தல் வேண்டும். 2000 இல் பெங்களூரைச் சேர்ந்த டி. டி. சர்மாவும் மும்பையைச் சேர்ந்த இ. வி. சம்பத்குமாரனும் பிறரும், ஒழுங்கமைந்த மாதிரியையும் ஒழுங்கு குலைந்த மாதிரியையும் ஒருங்கே வைத்து ஒப்பிட்டனர். ஒழுங்கமைந்த மாதிரி சிறிய காந்தப்புலத்திலேயே சடுதியான தடைமாற்றத்தைக் காட்டிற்று. குலைந்த மாதிரியில் அது காணப்படவில்லை. எனினும் பெரிய புலங்களில் நிகழும் படிப்படியான மாற்றத்துக்கு ஒருசுழல் நிலை வேண்டப்படுவதில்லை என்றும், அது பொருளின் பொதுக் காந்த இயல்பிலிருந்து எழுகின்றது என்றும் அவர்கள் வாதித்தனர். ஒழுங்கின்மை எல்லா இயல்பையும் ஒருசேர அழிப்பதில்லை, எதனை அழிக்கின்றது எதனை விடுகின்றது எனப் பகுத்தறிய இயலும் என்பதே இவ்வொப்பீட்டின் பெறுமதி.

ஆயினும் அக்காலத்து எழுத்துகள் பலவற்றில் ஒரு குறை நிலவிற்று. ஒழுங்கின்மை ஒரே எண்ணாற் குறிக்கப்பட்டது. நூற்றுக்கு இத்தனை அயன்கள் இடம் மாறியுள்ளன என்பதோடு விவரணம் முடிந்தது. இடம் மாறியவை எழுந்தமானமாகச் சிதறிக் கிடக்கின்றனவா, கூட்டங்கூட்டமாக நிற்கின்றனவா என்ற வினா போதியளவு எழுப்பப்படவில்லை. சிதறிக் கிடப்பதாக எடுத்துக்கொள்வது கணிப்புக்கு எளிதாகலின், அது மெய்யெனவே கொள்ளப்பட்டது. வசதி கருத்தாக மாறுதல் என முன்னர் நாம் குறிப்பிட்டதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டாகும்.

2009 இல் மெனெகினி, சர்மா முதலியோர் எக்ஸ்-கதிர் உறிஞ்சல் முறையைக் கையாண்டு ஒவ்வோர் அயனின் அண்மை அயலை நேராக ஆராய்ந்தனர். நெடுந்தூர ஒழுங்கு மிகக் குறைந்த மாதிரிகளிலும் குறுந்தூர ஒழுங்கு உயர்ந்த அளவில் நிலைத்திருப்பதை அவர்கள் கண்டனர். அதாவது, தன் அருகிலுள்ள அயலைப் பொறுத்தவரை பெரும்பாலான இரும்பு அயன்கள் முறையாகவே நிற்கின்றன. முறையான சிறு பகுதிகள் பல உள. ஒரு பகுதியின் கறுப்புக் கட்டம் அடுத்த பகுதியின் வெள்ளைக் கட்டத்தோடு மோதும் எல்லைகளிலேயே முறை பிறழ்கின்றது. தொலைவிலிருந்து நோக்கும் கருவிக்கு ஒழுங்கின்மையாகத் தோன்றியது, அருகிலிருந்து நோக்கும் கருவிக்கு ஒழுங்கான பகுதிகளின் பொருத்தமின்மையாகத் தோன்றிற்று. முடிவு நோக்கும் தூரத்தைப் பொறுத்தது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்று அரிது.

இன்னும் ஒரு படி மேலே சென்றது இலந்தனம், நிக்கல், மங்கனீசு ஆகியவற்றாலான சேர்வை பற்றிய ஆய்வு. அறைவெப்பநிலைக்கு அண்மையில் இதன் மின்கொள்ளளவம் காந்தப்புலத்தால் மாறுபடுவதை 2005 இல் அறிவித்த குழுவில், சென்னையிற் கல்வி பயின்று அமெரிக்காவிற் பணியாற்றிய மாஸ் சுப்பிரமணியமும் ஒருவர். இச்சேர்வை ஏறத்தாழ 280 கெல்வினில், அதாவது மலையகத்துத் தைமாத அதிகாலைக் குளிரை ஒத்த வெப்பநிலையில், அயக்காந்த நிலையை அடையும் அரைக்கடத்தியாகும். 2012 இல் பெங்களூர்க் குழுவினரும் சுவீடனின் உப்சாலா ஆய்வாளரும் பகுதி ஒழுங்கு குலைந்த மாதிரியை ஆராய்ந்து, அறைவெப்பநிலைக்கு அண்மையில் மிகப் பெரிய காந்த–மின்னுழைய விளைவைக் கண்டனர். தாழ்வெப்பநிலைகளிற் காந்தத் திருப்புதிறன்களும் மின் இருமுனைவுகளும் கண்ணாடி போன்று உறையும் நிலையையும் அவர்கள் விவரித்தனர். இங்கு ஒழுங்கின்மை ஓர் இயல்பின் இழப்பாக மட்டும் நிற்கவில்லை. புதிய இயல்பொன்றின் தோற்றத்தில் அதற்குப் பங்குண்டு.

அளவு மாற்றம் பண்பு மாற்றமாக விளைதல் என்னும் இயங்கியற் கோட்பாட்டை நினைவுகூரும் முற்போக்கு வாசகர் இவ்விடத்து மகிழக்கூடும். அவர்கட்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் நம் கடமை. பளிங்கில் அயன்கள் நிற்கும் முறையிலிருந்து சமுதாய விதிகளை வருவித்தல் விஞ்ஞானத்துக்கும் சமுதாயவியலுக்கும் ஒருங்கே இழைக்கும் அநீதியாகும். மனிதர் அயன்களல்லர். அவர்கள் இடம் மாறுவதும் மாற்றப்படுவதும் வெப்பத்தாலன்று, வரலாற்றால். பௌதிகத்திலிருந்து நாம் பெறக்கூடியது ஓர் ஆராய்ச்சி ஒழுக்கமே: தீர்ப்புக்கு முன் அளவு, அளவுக்கு முன் எத்தூரத்திலிருந்து அளக்கிறோம் என்ற தெளிவு.

5

இவ்வொழுக்கத்தைத் தமிழில் எவ்வாறு எடுத்துரைப்பது? ஒழுங்கின்மைக்கு நம் எழுத்தாளர் கையாளும் சொற்களை வரிசைப்படுத்தி நோக்கின் ஓர் உண்மை வெளிப்படும். 'சீர்கேடு', 'ஒழுங்கீனம்', 'குழப்பம்', 'பிறழ்வு' என்பன அவற்றுட் சில. இவற்றுட் பல அறநெறி சார்ந்த கண்டனத்தைத் தம்முட் கொண்டவை. 'ஒழுங்கீனம்' என்பது பள்ளிக்கூடத்தில் மாணவன் தண்டிக்கப்படும் காரணத்தின் பெயர். அச்சொல்லைப் பளிங்குக்கு ஏற்றும்போது, ஆராய்ச்சி தொடங்குமுன்னரே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகின்றது. 'ஒழுங்கின்மை' என்னும் சொல் நடுநிலையானது. அயன்கள் தம்முள் இடம் மாறுவதை 'இடமாற்று ஒழுங்கின்மை' எனலாம். ஒரு சுழற்றிசைக்கு மட்டும் உலோகமாக விளங்கும் நிலையைச் சிலர் 'அரை உலோகம்' என எழுதுவர். அச்சொல் 'அரைக்கடத்தி', 'உலோகப்போலி' ஆகியவற்றோடு மாணவரை மயங்கச் செய்யும். 'ஒருசுழல் உலோகம்' என்பது நிகழ்வதை நிகழ்ந்தவாறே சொல்லுகின்றது. நல்ல கலைச்சொல் மாணவரின் சிந்தனையைப் பாதி வழி அழைத்துச் செல்லவேண்டும் என்பதே நம் அளவுகோல்.

சொற்களின் குறை ஒருபுறமிருக்க, நம் விஞ்ஞானக் கட்டுரைகளின் போக்கிலும் குறையுண்டு. அவை வியப்புகளைப் பட்டியலிடுகின்றன. அறியப்பட்டது எவ்வாறு அறியப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. மேற்குறித்த 2009 ஆம் ஆண்டு ஆய்வின் முடிவை மட்டும் சொன்னால் அது ஒரு செய்தி. கோணல் முறை காணாததை உறிஞ்சல் முறை ஏன் கண்டது என்பதையும் சொன்னால் அது கல்வி. செய்தியை மனனஞ் செய்யலாம். கல்வியாயின் அதனோடு வாதாடலாம்.

6

விஞ்ஞானத் தமிழின் வரலாற்றை ஊவாவிலிருந்து நோக்குதல் இங்கு அவசியமாகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து நூல்கள் ஆக்கினார். 1936 இல் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டுக்குக் காரைதீவில் தோன்றிய சுவாமி விபுலாநந்தர் தலைமை தாங்கினார். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இலத்திரன், ஒட்சிசன், கோணல், மின்னுழையம் முதலிய சொற்கள் ஈழத்து மாணவர் நாவில் நிலைபெற்றன. இப்பணியின் பெருமையை எவரும் மறுக்கவியலார்.

ஆயின் அப்பணி நடைபெற்ற காலத்தில் ஊவாத் தோட்டங்களின் தமிழர் எங்கிருந்தனர்? 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. தோட்டப் பாடசாலைகள் தேசிய கல்வி அமைப்புக்கு வெளியே, தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில், பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. 1970களிலேயே அவை படிப்படியாக அரசாற் பொறுப்பேற்கப்பட்டன. உயர்தர வகுப்பிற் பௌதிகமும் இரசாயனமும் தமிழில் முறையாகக் கற்பிக்கும் பாடசாலைகள் தோட்டப்புறங்களில் இன்றும் அரிது. விஞ்ஞானத் தமிழ் உருவாகியபோது அதன் உருவாக்கத்திற் பங்குகொள்ளும் வாய்ப்பு ஒரு சமூகத்துக்கு மறுக்கப்பட்டிருந்தது. பின்னர் அச்சமூகத்தின் பிள்ளைகள் விஞ்ஞானத்திற் பின்தங்கியிருப்பதை அவர்களது இயல்பான குறைபாடு எனக் கூறுவோர், நெடுந்தூரக் கருவி ஒன்றை மட்டும் கையில் வைத்திருப்போரே.

தோட்டத்துத் தமிழைச் 'சீர்கெட்ட தமிழ்' என ஒதுக்கும் போக்கும் இதனோடு சேர்ந்தது. கவ்வாத்து, பெரட்டு, கொந்தரப்பு, கொழுந்து, மட்டக் கத்தி என்பன ஒரு தொழிலின் துல்லியமான கலைச்சொற்கள். எந்த வேலை, எந்த மலை, எத்தனை பேர் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் குறிப்பன. அவற்றை ஆக்கியோர் மாநாடு கூட்டவில்லை. தேவை கருதி ஆக்கிக்கொண்டனர். சமுதாயத்தைப் பளிங்காக்குதல் தகாது என மேலே கூறினோம். ஆயின் மொழியைக் குறித்து ஒன்றைச் சொல்லலாம்: அண்மையிற் சென்று ஆராயாது சீர்கேடு எனத் தீர்ப்பளித்தல் இங்கும் தவறே.

பதுளைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. ஏனைய பல்கலைக்கழகங்களிலும் நிலை பெரும்பாலும் அதுவே. இதனை இன்றே மாற்றிவிடவேண்டும் என்பது நம் வாதமன்று. உலக ஆய்வோடு தொடர்பு கொள்ள ஆங்கிலம் வேண்டும். ஆயின் லுணுகலையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ தமிழிற் கற்று வரும் மாணவி, முதலாண்டில் ஒரே வேளையில் புதிய மொழியையும் புதிய கருத்தையும் சுமக்கவேண்டியவளாகின்றாள். கருத்தைத் தன் மொழியிற் பெற்றிருப்பாளாயின் சுமை பாதியாகும். உயர்தர வகுப்புக்கும் பல்கலைக்கழக முதலாண்டுக்கும் இடையேயுள்ள அவ்வெளியை நிரப்பும் தமிழ் நூல்களே இன்று வேண்டப்படுவன. அவை டொலமைற்றிலிருந்து தொடங்கலாம், இரட்டைப் பெரோவ்ஸ்கைற்று வரை செல்லலாம். வழியில் அளத்தல் என்றால் என்ன என்பதைக் கற்பிக்கலாம்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இலக்கியத்தோடு தம் எல்லையை வரைந்துகொண்ட காலம் கடந்துவிட்டது. விஞ்ஞானத் துறைகளில் ஆய்வு புரியும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஆய்வுப் பொருளைப் பற்றி, தாம் படித்த பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவருக்கு விளங்குமாறு, ஆண்டுக்கு ஒரு கட்டுரை தமிழில் எழுதுவதை ஒரு கடமையாக ஏற்றுக்கொள்ளலாம். அக்கட்டுரைகளைத் தொகுத்துத் தோட்டப் பாடசாலைகளுக்கு அனுப்பும் பொறுப்பைச் சங்கங்கள் ஏற்கலாம். எழுதத் தொடங்கினால் எச்சொல் பொருந்துகின்றது, எச்சொல் பொருந்தவில்லை என்பது தானே தெரியவரும். அவ்வெழுத்தைப் படித்துவிட்டு, 'இது எனக்கு விளங்கவில்லை, திருப்பி எழுதுங்கள்' என்று பசறையிலிருந்து ஒரு மாணவி எழுதும் கடிதமே நம் விஞ்ஞானத் தமிழுக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த விமரிசனமாக அமையும்.